தகட்டுப் படம்: கை அடித்ததா, அச்சில் அழுத்தியதா?

பழைய புடைப்புத் தகட்டுப் படம் (உலோகத் தகட்டில் உருவம் மேடாக எழும்பி நிற்கும் படம்) என்றால் விற்பவர் "கைவேலை" என்றுதான் சொல்வார். முகப்பை நம்பாதீர்கள். பிறேமைக் கழற்றிப் பின்புறத்தைப் பாருங்கள்.

கை அடித்த தகட்டை அரக்கும் செங்கற்தூளும் கலந்த படுக்கையில் பதித்து, பின்னாலிருந்து உளியால் தட்டி எழுப்புவார்கள். பிறகு திருப்பி முன்னால் கோடு தீர்ப்பார்கள். ஆகவே பின்புறத்தில் ஒவ்வொரு தட்டும் குழியாக நிற்கும். ரோச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் குழிகள் நிழல் காட்டும். இடுக்குகளில் கறுத்த அரக்கு ஒட்டியிருக்கலாம். பிள்ளையாரின் மத்தகம், முழங்கால் போன்ற மேடான இடங்களில் தகடு இழுபட்டு மெலியும், சிலவேளை வெடிக்கும். அங்கே பின்னால் ஈயப்பற்று இருந்தால் நல்ல அறிகுறி. உருவைச் சுற்றி வளையும் திருவாசியின் சுடர்களை அளந்தால் ஒன்றுபோல் மற்றது இராது.

எஃகு அச்சில் அழுத்தியதில் சுடர்கள் எல்லாம் ஒரே அளவு. பின்புறம் வழுவழுப்பாக, முன்புறத்தின் நேர் மறுதலையாக இருக்கும். ஏமாறுகிற இடம் பின்னணிப் புள்ளிகள்: உளித்தடம் போன்ற புள்ளிகளை அச்சிலேயே வெட்டிவிடுவார்கள். இதே படத்தின் இன்னொரு பிரதி கிடைத்தால் ஒரு மூலையின் புள்ளிகளை ஒப்பிடுங்கள், ஒத்துப்போனால் அச்சுத்தான்.

மின்படிவில், அதாவது மின்சாரத்தால் அச்சின்மேல் உலோகத்தைப் படியவைத்து, வளர்த்த தகடும் உண்டு. முகப்பு மிக நுணுக்கம், பின்புறம் மணல்மணலாக இருக்கும். அந்தத் தொழில்நுட்பமே 1830களின் இறுதியில்தான் வந்தது.

காலம் கணிக்கும்போது "இதற்கு முந்தியதல்ல" என்ற எல்லையைத்தான் பிடிக்கலாம். காந்தம் ஒட்டினால் பித்தளை முலாம் பூசிய இரும்புத் தகடு. அலுமினியம் 1886க்குப் பிறகே மலிந்தது. ரவி வர்மா அச்சுக்கூடம் தொடங்கியது 1894. அதன் படத்தைப் பார்த்து அடித்த லட்சுமி அதற்குப் பிந்தியவள். ஆங்கிலத்தில் "ஸ்ரீலங்கா" என்ற முத்திரை 1972க்குப் பிந்தியது. நட்சத்திரத் தலை (பிலிப்ஸ்) திருகாணி 1930களில் வந்தது, ஹாட்போட் என்ற அழுத்திய மரநார்ப் பலகை 1920களில். ஆனால் இவ்விரண்டும் பிறேமின் வயதையே சொல்லும். பழைய தகட்டுக்குப் புதுப் பலகை அடிப்பது சாதாரணம். தகட்டு ஓரத்தில் இப்போதைய பிறேமோடு பொருந்தாத ஆணித்துளைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

பார்த்து முடிக்கும்வரை புளியும் பிராசோ போன்ற மெருகுத் திரவமும் வேண்டாம். அரக்கும் பழைய மெருகும் முதலில் போய்விடும். கடற்கரைப் பக்கத்து வீடுகளில் உப்புக்காற்றால் வெளிர்பச்சைத் தூள் பூத்திருந்தால் உலர்ந்த தூரிகையால் தட்டி, ஈரமில்லாத இடத்தில் வையுங்கள்; தண்ணீர் பட்டால் அரிப்பு இன்னும் உள்ளே இறங்கும்.