ஸ்பானியக் கட்டளைகள்: 'தூ' முதலிலா, 'உஸ்தெத்' முதலிலா?

போனை அணைக்கச் சொல்ல ஸ்பானிய மொழியில் இரண்டு வழி உண்டு. நண்பரிடம் 'தூ' வடிவில் 'அபாகா'. வாடிக்கையாளரிடம் 'உஸ்தெத்' வடிவில் 'அபாகே'. நம் நீ, நீங்கள் மாதிரிதான். புதிதாகக் கற்பவர் எதை முதலில் கற்பது?

'தூ' எளிதாகத் தெரியும். ஆனால் அணைக்காதே என்றதும் 'நோ அபாகெஸ்' என்று உருமாறிவிடும். போதாததற்கு, விதிக்கு அடங்காத எட்டு வினைகள் வேறு. கிளிக் செய் என்பதே 'ஆஸ் கிளிக்', அந்த எட்டில் ஒன்று, தப்பவே முடியாது!

'உஸ்தெத்' இப்படிப் படுத்தாது: 'அபாகே', 'நோ அபாகே', அவ்வளவுதான். கடைசியில் ஒரு 'ன்' சேர்த்து 'அபாகென்' என்றால் பலருக்குமான கட்டளை. 'அதை' என்பதற்கான 'லோ' மட்டும் இரண்டிலுமே இடம் மாறும்: ரீஸ்டார்ட் செய்யுங்கள் என்றால் 'ரெயினீசியெலோ', வேண்டாம் என்றால் 'நோ லோ ரெயினீசியே'.

என் ஓட்டு 'உஸ்தெத்'துக்கு. ஆனால் பல செயலிகள் 'தூ'வில்தான் பேசுகின்றன; திரையைப் பார்த்தே கற்பவர் அதிலேயே தொடங்கலாம்.