குற்றவாளியின் தடமும் குடியேறியின் தடமும்: ஆஸ்திரேலியக் காலனியப் பதிவேடுகளில் எதை முதலில் நம்புவது?

1788 ஜனவரியில் பதினொரு கப்பல்கள் கொண்ட முதல் கப்பல் தொகுதி சிட்னியில் நங்கூரமிட்டது. 1868 ஜனவரியில் ஹூகுமான்ட் என்னும் கப்பல் ஃப்ரீமான்டில் துறையில் கடைசிக் கைதிகளை இறக்கியது. இந்த எண்பது ஆண்டுகளில் ஏறத்தாழ 1,62,000 ஆண்களும் பெண்களும் நாடுகடத்தல் தண்டனை பெற்று ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். அதே காலத்தில் நிலம் தேடியும் கூலி தேடியும் பின்னர் தங்கம் தேடியும் சுதந்திரமாக வந்தவர்கள் அவர்களைவிடப் பன்மடங்கு அதிகம். இவ்விரு சாராரின் வழித்தோன்றல்களும் இன்று தங்கள் முன்னோரைப் பதிவேடுகளில் தேடும்போது அவர்களுக்கு முன் நிற்கும் சிக்கல் ஆவணங்களின் பற்றாக்குறை அன்று. ஒரே மனிதருக்கு ஓர் ஏட்டில் ஒரு வயதும் இன்னோர் ஏட்டில் வேறு வயதும், ஓரிடத்தில் மனைவியும் மற்றோரிடத்தில் மணமாகாத நிலையும் பதிவாகியிருப்பதைப் பார்க்கையில் எதை ஏற்பது, எதை ஒதுக்குவது என்பதே அவர்களுடைய கேள்வி.

என் மதிப்பீட்டில், ஒவ்வொரு ஏட்டிடமும் மூன்று செய்திகளைக் கேட்டறிந்த பிறகே அதற்கு இடமளிக்க வேண்டும்: தகவலைச் சொன்னவர் யார், எழுதியவர் யார், அப்படிச் சொன்னதால் சொன்னவருக்குக் கிடைத்தது என்ன. இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், அரசு யாரைச் சந்தேகித்துக் கண்காணித்ததோ அவரைப் பற்றிய ஏடுகளே பெரும்பாலும் நம்பத்தக்கவையாகவும் நிறைவாகவும் இருக்கின்றன. கைதியின் கொள்ளுப்பேரனுக்குக் கிடைக்கும் விவரத்தில் பாதிகூட, சொந்தப் பணத்தில் கப்பலேறி வந்த நேர்மையான குடியானவரின் கொள்ளுப்பேரனுக்குக் கிடைப்பதில்லை.

கப்பலில் ஏற்றியபோதும் இறக்கியபோதும்

நாடுகடத்தப்பட்டவர்களுக்கு முதன்மையான பட்டியல்கள் இரண்டு உண்டு. லண்டன் கியூ பகுதியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கும் உள்துறை அமைச்சகத்தின் நாடுகடத்தல் பதிவேடுகள் ஒன்று. கப்பல் கரைசேர்ந்ததும் கைதிகளை ஆளுநரிடம் ஒப்படைக்கையில் பயன்பட்ட, ஆய்வாளர்கள் இண்டென்ட் என்று அழைக்கும் ஒப்படைப்புப் பட்டியல் மற்றொன்று. முதலாவது ஏறத்தாழ முழுக் காலத்துக்கும் தொடர்ச்சியாகக் கிடைக்கிறது. ஆனால் பெயர், தண்டனை விதிக்கப்பட்ட இடமும் நாளும், தண்டனைக் காலம், கப்பல் ஆகியவற்றைத் தாண்டி அது எதையும் சொல்வதில்லை. ஜான் ஸ்மித் என்ற பெயரில் பலர் வந்திருக்கும்போது அதைக்கொண்டு தம்முடைய ஜான் ஸ்மித்தை எவராலும் பிரித்தறிய முடியாது.

ஒப்படைப்புப் பட்டியலும் தொடக்கத்தில் இதே அளவுக்கு வறியதாகவே இருந்தது. அயர்லாந்திலிருந்து வந்த தொடக்க காலக் கப்பல்கள் சிலவற்றில் உரிய தாள்களே உடன் வராததால், எந்தக் கைதிக்கு எத்தனை ஆண்டுத் தண்டனை என்பதே சிட்னி அதிகாரிகளுக்குத் தெரியாமல் போனது. தண்டனைக் காலம் முடிந்த பிறகும் அதை நிறுவ முடியாமல் உழன்றவர்களின் துயரம் அந்த வெற்றிடத்துக்குள் புதைந்திருக்கிறது. ஆனால் 1820-களின் பிற்பகுதியிலிருந்து இந்தப் பட்டியல் முற்றிலும் வேறொன்றாக மாறிவிடுகிறது. வயது, எழுத்தறிவு, சமயம், மணமானவரா, எத்தனை பிள்ளைகள், பிறந்த ஊர், தொழில், செய்த குற்றம், முந்தைய தண்டனைகள், உயரம், நிறம், தலைமயிர், கண், தழும்புகள், பச்சைகுத்தல்கள் என ஒவ்வொருவரைப் பற்றியும் அது விரிவாகப் பேசுகிறது. கைதிகள் பலர் தங்கள் கைகளில் உறவினரின் பெயரெழுத்துகளைக் குத்திக்கொண்டிருந்தார்கள். தப்பியோடினால் அடையாளம் காண்பதற்காக எழுத்தர் குறித்துவைத்த அந்த எழுத்துகளே இன்று மனைவியின் அல்லது தாயின் பெயரை ஊகிக்கக் கிடைக்கும் துப்பாகிவிடுகின்றன. 1820-களின் பிற்பகுதிக்குப் பின் வந்தவரைத் தேடுவோர், தயங்காமல் ஒப்படைப்புப் பட்டியலையே முதலில் எடுக்கலாம். அதற்கு முன் வந்தவரைத் தேடுவோருக்கு இரண்டுமே பெயரையும் கப்பலையும் உறுதிசெய்யும் அளவுக்குத்தான் உதவும்.

கப்பலின் பெயர் இங்கே எத்தனை முக்கியம் என்பதைப் புதிதாகத் தேடுவோர் பலர் உணர்வதில்லை. இன்னார், இன்ன கப்பலில், இன்ன ஆண்டில் வந்தவர் என்பதே ஒரு கைதியின் முழுப் பெயராக வாழ்நாள் முழுதும் அவரைத் தொடர்ந்தது. விடுப்புச் சீட்டு (தண்டனைக் காலம் முடியுமுன்பே தமக்காக உழைத்துப் பிழைக்க அனுமதிக்கும் தாள்), விடுதலைச் சான்றிதழ் (தண்டனைக் காலம் முடிந்ததைச் சொல்லும் தாள்), திருமண அனுமதி, தப்பியோடியோர் அறிவிப்பு என எல்லா ஏடுகளிலும் பெயருக்கு அருகே கப்பல் இருக்கும். ஒரே கப்பல் பலமுறை கைதிகளை ஏற்றிவந்ததால் எத்தனையாவது பயணம் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

நியூ சவுத் வேல்ஸா, வான் டீமன் நிலமா?

இந்த ஒப்பீட்டில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. முன்னோர் கைதியாக வந்தவராயின், அவர் நியூ சவுத் வேல்ஸின் சிட்னியில் இறங்கியிருப்பதைவிட, பின்னாளில் டாஸ்மேனியா எனப் பெயர்பெற்ற வான் டீமன் நிலத்தில் இறங்கியிருப்பதே வழித்தோன்றலுக்கு நல்வாய்ப்பு. 1824 முதல் 1836 வரை அங்கே ஆளுநர் பொறுப்பிலிருந்த ஜார்ஜ் ஆர்தர், தீவு முழுவதையும் ஒரு பெரிய சிறைச்சாலையாகக் கருதி, ஒவ்வொரு கைதியின் நடத்தையையும் எழுத்தில் பிடித்துவைக்கும் ஓர் ஏற்பாட்டை உருவாக்கினார். அதன் விளைவான நடத்தைப் பதிவேட்டில் கைதியின் காவல் எண், கப்பல், தீர்ப்பு, பிறந்த நாட்டின் சிறையும் மிதவைச் சிறைக்கப்பலும் அவரைப் பற்றித் தந்த நற்சான்று அல்லது கெட்ட சான்று ஆகியவை ஒரே இடத்தில் சேர்ந்திருக்கும். தம் குற்றத்தைப் பற்றி அவரே சொன்ன வாக்குமூலமும் அங்கேயே இருக்கும். தீவில் அவர் செய்த ஒவ்வொரு பிழையும், அதன் நாளும், கிடைத்த சவுக்கடியும், கடுந்தண்டனைக் குடியிருப்பான போர்ட் ஆர்தருக்கோ பெண்களாயின் கைதொழிற்கூடச் சிறைக்கோ அனுப்பப்பட்ட செய்தியும் தொடர்ந்து வரும். வந்திறங்கிய கைதிகள், தண்டனைத் தீர்ப்பில் சொல்லப்படாத முந்தைய குற்றங்களைக்கூட ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுடைய தாள்களில் ஏற்கெனவே என்ன எழுதப்பட்டிருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியாததே அதற்குக் காரணம். பெற்றோர், உடன்பிறந்தார் பெயர்களும் பிற்காலத் தீவுப் பட்டியல்களில் கிடைப்பதுண்டு.

நியூ சவுத் வேல்ஸில் ஏறத்தாழ 80,000 கைதிகள் இறங்கியபோதும் இப்படி ஒருவருக்கு ஒரு பக்கம் என்ற ஏற்பாட்டின் பயன் இன்றைய ஆய்வாளருக்குக் கிட்டவில்லை. விடுப்புச் சீட்டின் அடிக்கட்டை ஓரிடம், விடுதலைச் சான்றிதழ் வேறிடம், காலனிச் செயலரின் கடிதங்கள் மற்றோரிடம், உள்ளூர் நீதிபதிகளின் விசாரணை ஏடுகள் இன்னோரிடம் என்று சிதறிக்கிடப்பவற்றைத் தேடுபவரே ஒன்றுசேர்க்க வேண்டும். அப்படிச் சேர்ப்பதற்குச் சட்ட விதிகள் ஓரளவு வழிகாட்டுகின்றன. ஏழாண்டுத் தண்டனை பெற்றவர் நன்னடத்தையோடு நான்கு ஆண்டுகளும், பதினான்கு ஆண்டு பெற்றவர் ஆறு ஆண்டுகளும், ஆயுள் தண்டனை பெற்றவர் எட்டு ஆண்டுகளும் கழித்தால் விடுப்புச் சீட்டுக்குத் தகுதிபெற்றார்கள். ஆகவே 1830-இல் வந்த ஏழாண்டுக் கைதிக்கு 1834-ஐ ஒட்டிச் சீட்டு கிடைத்திருக்க வேண்டும். கிடைக்கவில்லையென்றால், நடுவில் ஏதோ தண்டனை இருக்கிறது என்று ஊகித்து நீதிமன்ற ஏடுகளுக்குப் போகலாம். ஆயுள் தண்டனைக்காரருக்கு விடுதலைச் சான்றிதழ் கிடையாது. அவருக்கு மன்னிப்பு ஆணையைத்தான் தேட வேண்டும்.

டாஸ்மேனியப் பதிவேட்டின் மீது எனக்கு ஒரு குறையும் உண்டு. அது பிழைகளை மட்டுமே எழுதுகிறது. குடித்துவிட்டு எசமானரை ஏசியவளின் பக்கம் நிறைந்து வழிய, பத்தாண்டுகள் அமைதியாக உழைத்தவளின் பக்கம் வெறுமையாகக் கிடக்கிறது. அந்த வெறுமையை வாழ்க்கையின் வெறுமையாக எவரும் படித்துவிடக் கூடாது. நியூ சவுத் வேல்ஸ், டாஸ்மேனியா, மேற்கு ஆஸ்திரேலியா ஆகியவற்றின் கைதி ஆவணங்கள் 2007-இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டன. மேற்கு ஆஸ்திரேலியாவுக்கு 1850 முதல் 1868 வரை வந்தவர்கள் ஏறத்தாழ 9,700 பேர், அனைவரும் ஆண்கள். எண்ணிக்கை குறைவு என்பதால் அங்கே தேடல் ஒப்பீட்டளவில் எளிது.

தலைகளை எண்ணிய ஏடுகள்

கைதிகளையும் சுதந்திரமானவர்களையும் ஒருங்கே காட்டும் ஏடுகள் தலையெண்ணிக்கைப் பட்டியல்களும் 1828 நவம்பரில் நியூ சவுத் வேல்ஸில் எடுக்கப்பட்ட முதல் முறையான மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் ஆகும். பூர்வகுடி மக்கள் இக்கணக்கெடுப்பில் சேர்க்கப்படவில்லை என்பதை மறக்கக் கூடாது. வயது, வந்த கப்பல், ஆண்டு, தண்டனை, சமயம், வேலை, இருப்பிடம், ஏக்கர், கால்நடை என அது தரும் விரிவைக் கண்டு பலர் அதையே அடித்தளமாகக் கொள்கிறார்கள். நான் அப்படிக் கொள்ள மாட்டேன். இந்தக் கேள்விகளுக்கு விடை சொன்னவர் அந்தந்த மனிதரோ அவருடைய எசமானரோ ஆவார். விடையை மாற்றிச் சொல்வதால் மதிப்பு உயரக்கூடிய ஒரு சமூகத்தில்தான் அந்தக் கேள்விகள் கேட்கப்பட்டன.

மேரி ரேபியைவிடத் தெளிவான சான்று இதற்கு இல்லை. குதிரை திருடிய குற்றத்துக்காக ஆண் உடையில், ஜேம்ஸ் பரோ என்ற பெயரில், ஸ்டாஃபர்டில் விசாரிக்கப்பட்டு ஏழாண்டு நாடுகடத்தல் தண்டனை பெற்ற சிறுமி அவர். 1792-இல் ராயல் அட்மிரல் கப்பலில் சிட்னிக்கு வந்து, 1794-இல் தாமஸ் ரேபியை மணந்து, கணவர் இறந்தபின் பெரும் வணிகராக உயர்ந்தார். 1994 முதல் ஆஸ்திரேலியாவின் 20 டாலர் தாளில் இருப்பது அவர் முகம்தான். 1820-இல் தம் மகள்களோடு இங்கிலாந்து சென்று அடுத்த ஆண்டு திரும்பிய அவர், 1828 கணக்கெடுப்பில் தம்மை 1821-இல் சுதந்திரமாக வந்தவர் என்று பதிந்துகொண்டார். சொல்லளவில் அது பொய்யுமன்று. அந்த ஆண்டு அவர் சுதந்திரமாகத்தான் வந்தார். கணக்கெடுப்பை மட்டும் நம்பிய ஒருவர் 1821-ஆம் ஆண்டுக் கப்பலோடு தேடலை முடித்துக்கொண்டிருப்பார். அவருடைய தண்டனையைச் சொல்லும் ஏட்டில்கூட ஆண்பெயர் நிற்பதால், ஒரு பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு தேடுபவருக்கு அங்கேயும் அவர் அகப்பட மாட்டார்.

எழுதுபவரின் மனச்சாய்வும் இதே அளவுக்குத் தீங்கு செய்யும். 1806-இல் பாதிரியார் சாமுவேல் மார்ஸ்டன் தொகுத்த பெண்கள் பட்டியலில் காலனியின் பெண்கள் மணமானவர்கள் என்றும் வைப்புகள் என்றும் இரண்டாகப் பிரிக்கப்பட்டார்கள். இங்கிலாந்துத் திருச்சபை முறைப்படி நடந்த திருமணங்களை மட்டுமே அவர் ஏற்றார். கத்தோலிக்க முறைப்படி உறுதி பூண்டு, பிள்ளைகளோடு பல்லாண்டு ஒரே வீட்டில் வாழ்ந்தவளும் அவர் கணக்கில் வைப்புதான். தங்கள் மூத்த பாட்டியின் பெயருக்கு அருகே அந்தச் சொல்லைக் காணும் குடும்பத்தினர், அது அவளுடைய வாழ்க்கையைச் சொல்லவில்லை, எழுதியவரின் கோட்பாட்டைச் சொல்கிறது என்று அறிந்துகொள்ள வேண்டும்.

தேவாலய ஏடும் அரசுச் சான்றிதழும்

பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றுக்கு அரசுப் பதிவு தொடங்கிய ஆண்டு காலனிக்குக் காலனி மாறுகிறது. டாஸ்மேனியா 1838 டிசம்பரிலேயே தொடங்கிவிட்டது. மேற்கு ஆஸ்திரேலியா 1841, தெற்கு ஆஸ்திரேலியா 1842, விக்டோரியா 1853, நியூ சவுத் வேல்ஸ் 1856. முந்தித் தொடங்கியதே சிறந்ததாக இருக்கும் என்று எதிர்பார்ப்பவர் ஏமாறுவார். டாஸ்மேனியாவின் இறப்புப் பதிவு பெயர், நாள், வயது, தொழில், காரணம், தகவல் தந்தவர் என்பதோடு நின்றுவிடும். பெற்றோர் பெயர் அங்கே இராது. பிந்தி வந்த விக்டோரியாவில் பதிவுத் துறை அதிகாரி வில்லியம் ஆர்ச்சர் வகுத்த படிவமோ இறந்தவரின் தந்தை பெயர், அவருடைய தொழில், தாயின் பிறந்தவீட்டுப் பெயர், பிறந்த ஊர், காலனிகளில் கழித்த ஆண்டுகள், மணந்த இடம், மணந்தபோது வயது, துணைவரின் பெயர், பிள்ளைகளின் பெயரும் வயதும், புதைத்த இடம் என அனைத்தையும் கேட்டது. ஒரே தாளில் மூன்று தலைமுறை கிடைக்கும் இந்தச் சான்றிதழுக்கு நிகராக அக்காலத்து இங்கிலாந்தில்கூட எதுவும் இல்லை.

1851-இல் தங்கம் கண்டெடுக்கப்பட்டதும் டாஸ்மேனியாவின் முன்னாள் கைதிகள் பெருந்திரளாகக் கடலைக் கடந்து விக்டோரியாவுக்குச் சென்றார்கள். ஆகவே நடத்தைப் பதிவேட்டில் தொடங்கி மெல்போர்னின் இறப்புச் சான்றிதழில் முடியும் வாழ்க்கைகள் ஏராளம். இவ்விரண்டும் கிடைத்தவர் பேறு பெற்றவர். ஆயினும் முன்னாள் கைதிகளைத் தடுக்க விக்டோரியா 1852-இலேயே சட்டம் இயற்றியிருந்ததால், வந்தவர்கள் தம் பழைய வாழ்க்கையைப் பிள்ளைகளிடமும் மறைத்தார்கள். அந்தப் பிள்ளைகளே பின்னாளில் தந்தையின் இறப்பைப் பதிந்தார்கள். டாஸ்மேனியாவில் சில ஆண்டுகள் என்ற குறிப்பு மட்டும் சில தாள்களில் தப்பிப் பிழைத்திருக்கிறது. பாட்டன் பாட்டி பெயர்களில் தகவலாளர் தடுமாறியிருக்கக்கூடும் என்பதால், அவற்றைச் சான்றாகக் கொள்ளாமல் துப்பாகக் கொள்வதே முறை.

அரசுப் பதிவுக்கு முந்தைய காலத்துக்குத் தேவாலயங்களின் ஞானஸ்நான, திருமண, அடக்க ஏடுகளே துணை. 1855-இல் இறந்த மேரி ரேபிக்கு நியூ சவுத் வேல்ஸில் அரசு இறப்புச் சான்றிதழ் இராது. கத்தோலிக்கருக்கு இந்த இடைவெளி இன்னும் அகலமானது. நிலையாகப் பணியாற்றும் கத்தோலிக்கக் குருக்கள் 1820-இல்தான் வந்துசேர்ந்தார்கள் என்பதால், அதற்கு முற்பட்ட அயர்லாந்துக் குடும்பங்கள் ஆங்கிலிக்க ஏட்டில் இருக்கின்றன, அல்லது எந்த ஏட்டிலும் இல்லை.

சுதந்திரமாக வந்தவர்கள்

அரசு உதவியோடு வந்தவர், சொந்தச் செலவில் வந்தவர் என்ற வேறுபாடு இங்கே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. தான் செலவிட்ட பணத்துக்குத் தகுதியான ஆள் வந்தாரா என்று சரிபார்க்க விரும்பிய அரசு, உதவிபெற்றோரைத் துருவிக் கேட்டது. நியூ சவுத் வேல்ஸ் குடியேற்ற வாரியத்தின் பட்டியல்களில் பிறந்த ஊர், சமயம், எழுத்தறிவு, பெற்றோர் பெயர், அவர்கள் இருக்கும் இடம் வரை கிடைக்கிறது. அயர்லாந்தின் பெரும்பஞ்சத்தின்போது 1848 முதல் 1850 வரை ஏர்ல் கிரே திட்டத்தின்கீழ் ஏழைவிடுதிகளிலிருந்து நாலாயிரத்துக்கும் மேற்பட்ட சிறுமியர் அனுப்பப்பட்டார்கள். சிட்னிக்கு வந்தவர்களின் பெயருக்கு அருகே தாய், தந்தை பெயர்களும் அவர்கள் இறந்துவிட்ட செய்தியும் எழுதப்பட்டிருக்கின்றன. அயர்லாந்தின் ஆவணங்கள் பல 1922-இல் டப்ளின் நீதிமன்ற வளாகத்தில் எரிந்துபோனதால், அந்தப் பெற்றோரின் பெயர் இப்பட்டியலைத் தவிர வேறெங்கும் எஞ்சாமல் போயிருக்கலாம்.

சொந்தப் பணம் கொடுத்து வந்தவரிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. முதல் வகுப்பறைப் பயணியின் பெயர் செய்தித்தாளில் வரும். கீழ்த்தளத்தில் வந்தவர்கள் பல வேளைகளில் இத்தனை பேர் என்ற எண்ணிக்கையாக மட்டுமே நிற்பார்கள். இவர்களுக்கு இறப்பிலிருந்து பின்னோக்கித் தேடுவதைத் தவிர வழியில்லை. இறப்புச் சான்றிதழில் காலனியில் கழித்த ஆண்டுகளை எடுத்து, இறந்த ஆண்டிலிருந்து கழித்து, வந்த ஆண்டைக் கணித்து, ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தின் ட்ரோவ் தளத்தில் அக்காலச் செய்தித்தாள்களின் கப்பல் வருகைப் பத்திகளைப் பார்க்க வேண்டும். தகவலாளர்கள் ஆண்டுகளை ஐந்தின் மடங்காகவும் பத்தின் மடங்காகவும் சொல்லிவிடுவது வழக்கமாதலால், கணித்த ஆண்டுக்கு முன்னும் பின்னும் இரண்டு மூன்று ஆண்டுகளையும் சேர்த்தே தேட வேண்டும்.