இடுப்பு இருக்கைப் பட்டை: ஆறு மாதப் பயன்பாட்டுக்குப் பின்

முடக்குவாதத்தால் விரல் மூட்டுகளும் மணிக்கட்டும் விறைத்துக் கிடக்கும் காலை வேளையில், 11 கிலோ எடையுள்ள ஒன்றரை வயது மகன் இரு கைகளையும் உயர்த்தி "தூக்கு" என்று வந்து நிற்கும்போது, மறுக்க மனமின்றியும் தூக்க வலுவின்றியும் தவித்ததால்தான் இந்தப் பட்டையை வாங்கினேன். இடுப்பைச் சுற்றிக் கட்டும் அகலமான பட்டையில் கெட்டியான நுரைத் திண்டு ஒன்று துருத்திக்கொண்டிருக்கும். குழந்தை அதன்மேல் அமர்ந்துகொள்ள, நாம் ஒரு கையால் அதன் முதுகை அணைத்துக்கொள்ள வேண்டும்.

குழந்தையின் எடை இதனால் குறைந்துவிடுவதில்லை, அது இறங்கும் இடம்தான் மாறுகிறது. வெறும் இடுப்பில் வைத்துக்கொள்ளும்போது நம்மை அறியாமலே ஒரு பக்க இடுப்பை வெளியே தள்ளி, முதுகைச் சாய்த்து, மணிக்கட்டை மடக்கிப் பிடித்துக்கொள்கிறோம். திண்டு இருந்தால் பாரம் இடுப்பெலும்பில் இறங்கிவிடுவதால் மணிக்கட்டு நிமிர்ந்தே இருக்கிறது. ஐந்து நிமிடத்தில் இறக்கிவிட்டுக்கொண்டிருந்த நான் இப்போது இருபது நிமிடம் சன்னலோரம் நின்று அவனுக்குக் காகம் காட்டுகிறேன். அதற்குமேல் போனால் கீழ்முதுகு கெஞ்சத் தொடங்கிவிடும்.

ஆனால் தரையிலிருந்து தூக்கும் வேலையை எந்தப் பட்டையும் செய்து தராது. எனக்கோ அதுதான் பெரிய வேதனை. இரண்டு படி வைத்த மர ஸ்டூல் ஒன்றைப் பக்கத்தில் போட்டபின், அவனே ஏறி நிற்கிறான். நான் முழங்காலைச் சற்று மடக்கினால் திண்டில் உட்கார்ந்துவிடுகிறான். உண்மையைச் சொன்னால், பாதிப் பாராட்டு அந்த ஸ்டூலுக்கே உரியது.

பெருங்குறை பூட்டுதான். முதுகுப்புறம் இருக்கும் அதன் பக்கங்களை அழுத்திக்கொண்டே நடுப் பொத்தானையும் அமுக்கினால்தான் கழலும் என்பது குழந்தையின் பாதுகாப்புக்கு நல்லதே என்றாலும், விரல் மடங்காத நாளில் அதற்காகக் கணவரைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. வெல்க்ரோவைப் பிரிக்கும்போது எழும் "பர்ர்" ஓசையில், அரும்பாடுபட்டுத் தூங்கவைத்த பிள்ளை விழித்துக்கொள்வது தனி எரிச்சல்.

இதில் குழந்தையைக் கட்டிப் பிடிக்கும் வார் இல்லாததால், ஒரு கையின் பிடி எப்போதும் உறுதியாக இருந்தாக வேண்டும். வலி கூடி அந்தப் பிடியும் தளரும் நாள்களில் நான் இதைத் தொடுவதில்லை, தரையில் அமர்ந்து அவனை மடியில் ஏறிக்கொள்ளச் சொல்லிவிடுகிறேன். மற்ற நாள்களில் இது நாள்தோறும் பயன்படுகிறது. பூட்டு முன்பக்கம் வரும் பட்டை கிடைத்தால், இதை யாருக்காவது கொடுத்துவிட்டு அதையே வாங்கிக்கொள்வேன்.