அலகோடு கணக்கு: எஃப் ஷார்ப், பின்ட், யு.ஓ.எம். – எதை நம்பலாம்?

1999 செப்டம்பரில் நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் செவ்வாய்க்குப் பக்கத்தில் போய்த் தொலைந்தது. தரையில் ஒரு மென்பொருள் உந்துதல் கணக்கைப் பவுண்டு-விநாடியில் கோப்பில் எழுதியது. வாசித்த மென்பொருளோ அதை நியூட்டன்-விநாடி என்று எடுத்துக்கொண்டது. 4.45 மடங்கு பிசகு. கோப்பில் இருந்தது வெறும் எண். நிரலில் அலகைக் காவல் காக்கும் கருவி எதைப் பார்த்தாலும் எனக்கு அந்தக் கோப்புதான் நினைவுக்கு வரும். அப்படிப்பட்ட மூன்றை இங்கே ஒப்பிடுகிறேன்.

எஃப் ஷார்ப் என்ற நிரல் மொழியில் அலகு மொழிக்குள்ளேயே இருக்கிறது. மீட்டரோடு விநாடியைக் கூட்டினால் கம்பைல் ஆகாது, அதாவது நிரல் ஓடும் நிலைக்கே வராது. ஓடும்போது அலகு அழிந்து எண் மட்டும் மிஞ்சுவதால் வேகமும் குறையாது. எழுதுவதற்கு மூன்றில் இதுதான் அழகு. ஆனால் வெளியிலிருந்து வரும் எண்ணுக்கு அலகை நாம்தான் ஒட்ட வேண்டும். தப்பாக ஒட்டினால் கேட்க ஆளில்லை.

பைதான் மொழிக்கான பின்ட் என்ற நிரல் நூலகம் நேர் எதிர். 3 மீட்டரோடு 5 அடியைக் கூட்டினால் தானே மாற்றி 4.524 மீட்டர் என்று தரும். தவறு இருந்தால் அந்த வரி ஓடும்போதுதான் தெரியும். லட்சம் எண்களுக்கு ஒவ்வொன்றாக அலகைச் சேர்த்தால் மெதுவாகிவிடும். நம்பை (பைதானின் எண் கணக்கு நூலகம்) அரேயாக, அதாவது ஒரே எண் வரிசையாக, மொத்தமாகக் கொடுங்கள்.

ரஸ்ட் மொழிக்கான யு.ஓ.எம். என்ற நூலகம் எண்ணை உள்ளே விடும்போதும் வெளியே எடுக்கும்போதும் அலகின் பெயரைக் கேட்கும். உள்ளே அடிப்படை அலகில் வைத்துக்கொள்ளும். கருவிகளுக்குள் ஓடும் நிரலுக்கு என் தேர்வு இதுதான். முழு எண் வகையில் மட்டும் கவனம்: 40 சென்டிமீட்டர் கொடுத்தால் மீட்டராகி, பின்னம் வெட்டுப்பட்டு 0 ஆகிவிடும்.

உண்மையான சோதனை வெப்பநிலையில்தான். காலையில் 20 டிகிரி, மதியம் 30 டிகிரி. இரண்டையும் கூட்டி 50 என்பதற்கு அர்த்தமே இல்லை. எஃப் ஷார்ப்பில் செல்சியஸ் என்று ஓர் அலகை வரையறுத்தால் கூசாமல் 50 தரும். பின்ட் பிழை சொல்லும். வெப்பநிலை வித்தியாசத்துக்கு அதில் தனி அலகு உண்டு. யு.ஓ.எம்.மில் வெப்பநிலை ஒரு டைப் (தரவு வகை), வெப்பநிலை இடைவெளி வேறு டைப். ஓடுவதற்கு முன்பே பிடிபடும்.

அப்படியும், அந்த உந்துதல் கோப்பை இன்று வாசிக்கச் சொன்னால் வாசலில் பின்ட்டைத்தான் நிறுத்துவேன். அலகுப் பெயரை எண்ணோடு சேர்த்து வாசிக்க அதற்குத் தெரியும். பெயரில்லாமல் வந்த எண்ணை அலகற்றதாக வைத்துக்கொள்ளும். நியூட்டன்-விநாடியோடு கூட்டப் போனால் அங்கேயே நின்றுவிடும்.