வேர்ட்பிரஸா, ட்ரூபலா: ஒரு புதுச்சேரி விடுதிக்காக நான் எடுத்த முடிவு

முத்தியால்பேட்டையில் ஏழு அறைகள் கொண்ட சின்ன விடுதி. அதை நடத்துகிற அக்காவுக்குத் தமிழ், பிரெஞ்சு, ஆங்கிலம் மூன்றிலும் இணையதளம் வேண்டும். பழைய தளத்தை ட்ரூபல் 7-இல் நான்தான் போட்டுக் கொடுத்திருந்தேன். ட்ரூபல், வேர்ட்பிரஸ் இரண்டுமே இணையதளம் கட்டி நிர்வகிக்க உதவும் மென்பொருள்கள். 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு அந்தப் பதிப்புக்கான ஆதரவு முடிந்துவிட்டதால் எப்படியும் புதிதாகப் போட்டாக வேண்டிய நிலை. ட்ரூபலின் புதிய பதிப்பையும் வேர்ட்பிரஸையும் ஒரே விபிஎஸ்ஸில் (வாடகைக்கு எடுக்கும் மெய்நிகர் சர்வர்) நிறுவி இரண்டு வாரம் மாற்றி மாற்றிப் பார்த்தேன். வேர்ட்பிரஸ் என்று முடிவு செய்தேன். மூன்று மொழி என்றாலே ட்ரூபல்தான் என்று பல வருஷமாகச் சொல்லிவந்தவன் நான், அதனால் காரணத்தைக் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன்.

நிறுவுவதில் பெரிய ரகசியம் இல்லை. வேர்ட்பிரஸுக்கு ஒரு காலி டேட்டாபேஸ், அதற்கொரு பயனர், கோப்புகளை ஏற்றி நாலு விவரம் நிரப்பினால் வேலை முடிந்தது. ட்ரூபலைக் கம்போசர் என்ற நிறுவல் கருவி வழியாக நிறுவுவதுதான் முறை, 1 ஜிபி நினைவகம் உள்ள சர்வரில் அது பாதியில் நின்றுவிட்டதால் ஸ்வாப் (டிஸ்க்கில் ஒதுக்கும் கூடுதல் நினைவகம்) சேர்க்க வேண்டியிருந்தது. அப்புறம் என் சர்வரின் இயங்குதளம் உபுண்டு 22.04, அதோடு வருவது பிஎச்பி 8.1. இரண்டு மென்பொருளும் ஓடுவது இந்த பிஎச்பி மொழியில்தான். ட்ரூபல் 11 குறைந்தது 8.3 கேட்கும், ஆக அதையும் உயர்த்தியாக வேண்டும். இரண்டில் எதைப் போட்டாலும் படம் ஏற்றும்போது 413 பிழை (கோப்பு அளவு மீறியது) வந்தால் வெப் சர்வரான என்ஜின்எக்ஸின் 1 எம்பி வரம்பையும் பிஎச்பியின் 2 எம்பி வரம்பையும் சேர்த்தே உயர்த்துங்கள், ஒன்றை மட்டும் மாற்றிவிட்டுத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

மொழி விஷயத்தில் ட்ரூபல்தான் மேல், அதில் சந்தேகமே இல்லை. பதிப்பு 8-இலிருந்து பன்மொழி வசதி அதன் கூடவே வருகிறது. வேர்ட்பிரஸில் பாலிலாங் போல ஒரு பிளக்இன் (கூடுதல் வசதிக்கான துணை மென்பொருள்) போட வேண்டும். தமிழ்த் தலைப்பு வைத்தால் இன்னொரு தொல்லையும் உண்டு: பக்க முகவரிக்கு டேட்டாபேஸில் 200 இடம்தான், குறியீடாக மாறும்போது ஒவ்வொரு தமிழ் எழுத்தும் 9 இடம் பிடிக்கும், துணைக்கால், கொம்பு, புள்ளி எல்லாம் தனிக்கணக்கு. ஆக 22 எழுத்துக்குமேல் போனால் முகவரி வெட்டுப்படும். நான் எல்லாப் பக்கத்துக்கும் முகவரியைக் கையாலேயே ஆங்கில எழுத்தில் சுருக்கமாகக் கொடுத்துவிட்டேன்.

இவ்வளவு இருந்தும் ஏன் வேர்ட்பிரஸ்? அக்கா கேட்ட ஒரே கேள்விதான். "தம்பி, நீ இல்லாத நாள்ல இதை யாரு பார்த்துக்குவாங்க?"

2014 அக்டோபர் 15, புதன்கிழமை. நம் நேரப்படி இரவு ஒன்பதரைக்கு ட்ரூபல் 7-இன் மோசமான பாதுகாப்பு ஓட்டை ஒன்றுக்குத் திருத்தம் வெளிவந்தது. மறுநாள் விடியற்காலை நாலரைக்குள் அதைப் போடாத தளம் ஒவ்வொன்றும் தாக்கப்பட்டுவிட்டதாகவே எடுத்துக்கொள்ளுங்கள் என்று அவர்களுடைய பாதுகாப்புக் குழுவே பின்னால் அறிவித்தது. ஏழு மணி நேரம். ஏழு அறை விடுதியில் அந்த நேரத்தில் யார் விழித்திருந்து கமாண்ட் அடிப்பது? வேர்ட்பிரஸிலும் ஓட்டைகள் வரத்தான் செய்கின்றன, அதுவும் பிளக்இன்களில் ஏராளமாக. ஆனால் 3.7 பதிப்பிலிருந்து, அதாவது 2013 அக்டோபரிலிருந்து, அதன் பாதுகாப்புத் திருத்தங்கள் தானாகவே இறங்கிப் பொருந்திக்கொள்கின்றன. 2020-இல் வந்த 5.5-இலிருந்து பிளக்இன்களையும் அப்படி விட முடியும். ஃபெஞ்சல் புயல் கரையேறிய 2024 நவம்பர் கடைசியில் கடலூரில் எங்கள் தெருவில் இரண்டு நாள் மின்சாரம் இல்லை, போனில் சிக்னலும் இல்லை. சர்வர் எங்கேயோ பத்திரமாக ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் நான் அதைத் தொட வழியில்லை. அந்த இரண்டு நாளில் ஒரு திருத்தம் வந்திருந்தால் என்ற நினைப்புதான் என்னை மாற்றியது.

ஆனால் 'தானாக' என்பதை நம்பி அப்படியே விட்டுவிடாதீர்கள். வேர்ட்பிரஸின் உள் கிரான், அதாவது குறித்த நேரத்து வேலைகளைச் செய்யும் பகுதி, யாராவது தளத்துக்கு வந்தால்தான் ஓடும். மழைக்காலத்தில் விடுதித் தளத்தைத் தேடி எத்தனை பேர் வருவார்கள்? அதனால் கான்ஃபிக் (அமைப்பு) கோப்பில் அதை நிறுத்திவிட்டு, சர்வரின் நேர அட்டவணையான கிரான்டேபிலிருந்து 15 நிமிஷத்துக்கு ஒருமுறை அழைக்க வைத்தேன். அடுத்தது கோப்புகளின் உரிமை. பிஎச்பி எந்தப் பயனர் பெயரில் ஓடுகிறதோ, கோப்புகளும் அந்தப் பெயரில் இல்லையென்றால் அப்டேட் போடும்போது எஃப்டிபி (கோப்பு ஏற்றும் இணைப்பு) விவரம் கேட்டு நிற்கும், தானாக எதுவும் நடக்காது. உரிமையை அப்படிக் கொடுத்தால் பாதுகாப்பு ஒரு படி குறையும் என்பதும் உண்மைதான். யோசித்துத்தான் செய்தேன், திருத்தம் போடாத தளம் அதைவிட ஆபத்து. தினமும் இரவு டேட்டாபேஸும் படங்களும் வேறொரு இடத்துக்கு பேக்அப் போகின்றன, அதிலிருந்து ஒருமுறை முழுத் தளத்தையும் மீட்டுப் பார்த்துவிட்டேன்.

ட்ரூபல் 7-இலிருந்து 8-க்குப் போவது கிட்டத்தட்ட தளத்தையே மறுபடி கட்டுகிற வேலை. அதற்குப் பிறகான பதிப்புகளில் அந்தச் சிரமம் வெகுவாகக் குறைந்துவிட்டது, இதையும் சொல்ல வேண்டும். கல்லூரி, நூலகம் மாதிரி உள்ளடக்கம் பல வகையாகப் பிரிந்து கிடக்கிற இடத்தில், சம்பளத்துக்கு ஒருவர் உட்கார்ந்து பார்த்துக்கொள்வார் என்றால் இன்றைக்கும் ட்ரூபலைத்தான் சொல்வேன். இதே வகையைச் சேர்ந்த இன்னொரு மென்பொருளான ஜூம்லாவில் நான் செய்தது நெல்லிக்குப்பத்துக் கடை ஒன்றுக்கான ஒரே ஒரு தளம், அதை வைத்து நல்லது கெட்டது சொல்ல மாட்டேன்.

விடுதித் தளத்தில் இப்போது பிளக்இன் ஐந்துதான். கட்டணம் மாறினால் அக்காவே மூன்று மொழியிலும் திருத்திவிடுகிறார். போன வாரம் ஒரு முன்பதிவு பிளக்இன் போடலாமா என்று கேட்டார். அதைக் கடைசியாக எப்போது புதுப்பித்திருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.