நேப்பிள்ஸில் இறங்குகிறீர்களா? துறைமுக வாசலில் நிற்கும் 'பொம்பெய் வேன்' பற்றி ஓர் எச்சரிக்கை

2024 மே மாதம் மத்தியதரைக் கடலில் கப்பல் பயணம் போனோம். இத்தாலியின் நேப்பிள்ஸில் எங்களுக்குக் கிடைத்தது ஒரே ஒரு பகல். காலை 8 மணிக்குக் கப்பல் கரை சேர்ந்தது, மாலை 4.30-க்குள் எல்லோரும் திரும்ப ஏறிவிட வேண்டும். வேறு எதுவும் வேண்டாம், பொம்பெய் மட்டும் பார்த்தால் போதும் என்று அம்மா முதலிலேயே சொல்லியிருந்தார். முப்பது வருஷம் பள்ளியில் வரலாறு நடத்தியவர். கி.பி. 79-ல் வெசூவியஸ் எரிமலை வெடித்து அந்த ஊரையே சாம்பலில் மூடிய பாடத்தை எத்தனை வகுப்புகளுக்குச் சொல்லியிருப்பார்!

துறைமுகக் கட்டடத்தை விட்டு வெளியே வந்ததும் கழுத்தில் அடையாள அட்டை தொங்கவிட்ட ஓர் ஆள் வந்தான். "இன்று ரயில் ஸ்டிரைக், டாக்ஸிக்காரன் 200 யூரோ கேட்பான். என் வேனில் தலைக்கு 40, நுழைவுச்சீட்டு எல்லாம் சேர்த்து. கப்பலுக்கு நேரத்துக்குக் கொண்டுவந்து விடுவேன்" என்றான். அந்தக் கடைசி வரியில்தான் விழுந்தோம். நான், மனைவி, அம்மா மூவருக்கும் 120 யூரோ ரொக்கமாகக் கொடுத்தேன். ரசீது கேட்கவில்லை. அது என் தவறு.

வேன் நிறையும் வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் காக்க வைத்தான். கிளம்பிய பிறகும் நேராக பொம்பெய் போகவில்லை. வழியில் தோரே தெல் கிரேக்கோ என்ற ஊரில், பவளமும் கேமியோவும் விற்கும் கடை வாசலில் இறக்கிவிட்டான். "பத்து நிமிஷம், டாய்லெட் போய்விட்டு வாருங்கள்" என்றான். எழுபது நிமிஷம் ஆனது.

கேமியோ என்பது சங்கு ஓட்டில் செதுக்கும் சிற்பம். அந்த ஊரின் பரம்பரைத் தொழில் அது, பொய்யில்லை. வாசலருகே ஒரு பெரியவர் ஓட்டுத் துண்டை மரக்குச்சியின் நுனியில் ஒட்டவைத்து, சிற்றுளியால் மேல் அடுக்கைச் சுரண்டிக்கொண்டிருந்தார். பழுப்பு நிறத் தளத்திலிருந்து வெள்ளையாக ஒரு பெண்ணின் மூக்கும் உதடும் மெல்ல எழுந்து வந்தன. அவர் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. ஆனால் நாங்கள் அங்கே போகக் கேட்கவில்லை. டிரைவர் எங்கே என்று கேட்டபோதெல்லாம் கடைக்காரர்கள் அடுத்த கண்ணாடிப் பெட்டியைத் திறந்து காட்டினார்கள்.

பொம்பெய் வாசலுக்கு வந்ததும் அடுத்தது. நுழைவுச்சீட்டு சேர்த்தி இல்லையாம், 40 யூரோ வண்டிக்கு மட்டுமாம். வரிசையில் நாற்பது நிமிஷம் நின்று, தலைக்கு 18 யூரோ கொடுத்து உள்ளே போனபோது மணி 12.30. "1.30-க்கு இங்கே இருங்கள், இல்லாவிட்டால் வேன் போய்விடும்" என்று சொல்லி அனுப்பினான்.

66 ஹெக்டேர் பரப்புள்ள இடத்துக்கு ஒரு மணி நேரம்! அம்மா பார்க்க ஆசைப்பட்டது 'தப்பியோடியவர்களின் தோட்டம்' என்ற இடத்தை. 1863-ல் ஃபியோரெல்லி என்ற அகழாய்வாளர், சாம்பலுக்குள் உடல்கள் மக்கிப்போன வெற்றிடத்தில் சாந்து ஊற்றி அந்த மனிதர்களின் உருவத்தை எடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். அப்படி எடுத்த பதின்மூன்று பேரின் உருவங்கள் அந்தத் தோட்டத்தில் இருக்கின்றன. ஆனால் அது ஊரின் மறுகோடி. கருங்கல் பாவிய மேடுபள்ளத் தெருவில் அம்மாவின் முழங்காலோடு போய் வர நேரமில்லை. ஃபோரம் என்ற பழைய ஊர்ச் சதுக்கத்தின் அருகே கம்பிக்குப் பின்னால், ஜாடிகளுக்கு நடுவே, குந்தி உட்கார்ந்து கைகளால் முகத்தை மூடிய ஓர் உருவம் இருந்தது. அம்மா அதன் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். "போதும்பா, வா, வேன் போயிடப் போகுது" என்றார்.

1.25-க்கு வாசலில் நின்றோம். வேன் இல்லை. 2.20-க்குத்தான் வந்தான். இன்னும் நேரமிருக்கிறதே என்று ஒரு நிமிஷம் நிம்மதியானோம். உடனே, காத்திருந்ததற்காகத் தலைக்கு 10 யூரோ கொடுத்தால்தான் வண்டி கிளம்பும் என்றான். காத்திருந்தது நாங்கள்! கூட வந்த வயதான தம்பதி கை நடுங்க எடுத்துக் கொடுத்தார்கள். நாங்களும் கொடுத்தோம். கப்பல் போய்விடுமோ என்ற பயத்தைத்தான் இவர்கள் காசாக்குகிறார்கள். நாங்கள் வெயிலில் நின்ற இடத்துக்குப் பக்கத்திலேயே ரயில் நிலையம். ஸ்டிரைக் என்று சொன்ன ரயிலிலிருந்து ஆட்கள் கூட்டம் கூட்டமாக இறங்கி வந்துகொண்டிருந்தார்கள்.

நீங்கள் போவதாக இருந்தால், துறைமுகத்துக்கு எதிரே முனிசிபியோ மெட்ரோ நிலையம் இருக்கிறது. முதல் வழித்தடத்தில் மூன்றாவது நிறுத்தம் கரிபால்டி. அங்கே சிர்க்கும்வெசுவியானா ரயிலில் சொரெந்தோ பக்கம் போகும் வண்டியில் ஏறி, 'பொம்பெய் ஸ்காவி – வில்லா தெய் மிஸ்தெரி' நிலையத்தில் இறங்குங்கள். முக்கால் மணி நேரத்துக்குள்தான் ஆகும், நிலையத்திலிருந்து வாசல் இரண்டு நிமிஷ நடை. போக வர ஆளுக்குப் பத்து யூரோ போல ஆகும். பெட்டியில் நெரிசல் இருக்கும், பர்ஸையும் போனையும் முன்பக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டிரைக் அங்கே நிஜமாகவே அடிக்கடி நடக்கும், அதனால் நிலையத்திலேயே கேளுங்கள், வாசலில் நிற்பவனிடம் கேட்காதீர்கள். ரயில் வேண்டாம் என்றால் வரிசையில் நிற்கும் வெள்ளை டாக்ஸியில், ஏறுவதற்கு முன்பே நிர்ணயக் கட்டணம் கேட்டு முடிவு செய்யுங்கள். தனியார் வேன் என்றால் என்.சி.சி. (ஓட்டுநரோடு வாடகைக்கு விட உரிமம் பெற்ற வண்டி) என்று பொறித்த தகடு இருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் ஏறவே வேண்டாம். நேரத்தைப் பற்றி ரொம்பப் பயம் என்றால் கப்பலின் சொந்தச் சுற்றுலாவில் போங்கள். விலை அதிகம்தான், ஆனால் அந்த பஸ் தாமதமானால் கப்பல் காத்திருக்கும்.

2024 நவம்பரிலிருந்து பொம்பெய்க்கு ஒரு நாளைக்கு 20,000 பேருக்குத்தான் அனுமதி, நுழைவுச்சீட்டிலும் பெயர் இருக்க வேண்டும். உங்கள் பெயரைக் கேட்காமல் "டிக்கெட் எல்லாம் சேர்த்து" என்று எவனாவது சொன்னால் அங்கேயே திரும்பிவிடுங்கள். அப்புறம், வயதானவர்களை அழைத்துப்போனால் ஆம்ஃபிதியேட்டர் (பழைய வட்ட அரங்கம்) பக்க வாசல் வழியாக உள்ளே போங்கள். அந்தத் தோட்டம் அங்கிருந்து கிட்டத்தில்தான் இருக்கிறது. இது எனக்கு ஊர் திரும்பிய பிறகுதான் தெரிந்தது.