டெக்கோ ஈ4-ஆ, எம்4-ஆ? பெரிய வீட்டுக்கு மலிவான மெஷ் வைஃபை

உவர்மலையில் எங்கள் வீடு நீளமானது, சுவர்களும் தடிப்பு. ரவுட்டர் முன் விறாந்தையில். கனடாவிலிருந்து மாமா வீடியோ கோல் எடுத்தால், குசினிக்குப் பின்னாலுள்ள தன் அறையிலிருந்து அம்மம்மா போனோடு முன்னுக்கு நடந்து வரவேண்டும். அதனால்தான் மெஷ் தேடினேன்: வீட்டில் அங்கங்கே வைக்கும் சில பெட்டிகள் சேர்ந்து ஒரே வைஃபையைப் பரப்பும் முறை அது.

டிபி-லிங்கின் டெக்கோ வரிசையில் ஈ4, எம்4 இரண்டுமே ஏசி1200 வகை: 2.4 கிகாஹேர்ட்ஸில் 300, 5 கிகாஹேர்ட்ஸில் 867 எம்பிபிஎஸ் வேகம். வைஃபை ஏறக்குறைய ஒன்றுதான். வித்தியாசம் கேபிள் செருகும் போர்ட்டில். ஈ4-இல் அது 100 எம்பிபிஎஸ்ஸோடு நின்றுவிடும், எம்4-இல் கிகாபிட், அதாவது 1000 எம்பிபிஎஸ்.

உங்கள் ஃபைபர் பக்கேஜ் 100-க்குள் என்றால் ஈ4 போதும். மிச்சக் காசுக்கு மூன்றாவது பெட்டி வாங்குங்கள், தடித்த சுவருக்கு அதுதான் கைகொடுக்கும்.

ஆனால் கேபிள் இல்லாமல் ஒரு பெட்டியிலிருந்து அடுத்ததற்குத் தாவும்போது வேகம் பாதியளவுக்கு விழும். பக்கேஜ் 100-ஐத் தாண்டி, கேபிள் இழுக்கவும் வழியிருந்தால் எம்4-தான் சரி. நாங்கள் அதில் இரண்டு எடுத்து, சீலிங்குக்கு மேலால் கேட்6 கேபிள் இழுத்தோம். இப்போது அம்மம்மா கட்டிலில் இருந்தபடியே மாமாவோடு கதைக்கிறா.